மாமன் சீரில் வந்த கிடார்

எனக்கு ஒன்பது வயது முடியும்வரை காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் இது சின்னக் குறையல்ல. காங்கேயத்தில் என்னோடு நான்காம் வகுப்பில் படித்த பெண்கள் எல்லோர் காதிலும் ஏதாவது ஒன்று மின்னியது. தோட்டைத் தொலைத்தவள்கூட ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு கௌரவமாக உட்கார்ந்திருப்பாள். என் காது மட்டும் பிறந்தபோது எப்படி வந்ததோ அப்படியே இருந்தது. “உனக்கு மாமன் இல்லையா?” என்று கேட்பார்கள். இருக்கிறார் என்பேன். “அப்புறம் என்ன?” என்பார்கள். அந்த ‘அப்புறம் என்ன’வுக்கு எங்கள் வீட்டில் யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

மாமன் இருந்தார். கோயமுத்தூரில் உக்கடம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, மறுபடி ஓடவைத்து அனுப்பும் தொழில். அம்மாவுக்கு ஒரே அண்ணன். அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அம்மாவை வளர்த்ததும் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் அந்த ஒரு ஆள்தான். அந்த ஆளோடு எங்கள் வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தச் சண்டைக்கு என்னைவிட ஒரு வயது கூட.

தாய்மாமன் மடியில் உட்காரவைக்காமல் காது குத்துவது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. மாமனே இல்லாத பிள்ளைக்கு ஒன்றுவிட்ட மாமன் இரண்டுவிட்ட மாமன் என்று யாரையாவது பிடித்து உட்காரவைத்துக் குத்திவிடுவார்கள். சொந்த மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அடுத்தவர் மடியில் உட்காரவைத்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். ஆகவே பெரியவர்களின் வீம்பு முழுவதும் என் இரண்டு காதுகளில் வந்து நின்றுவிட்டது.

சண்டை எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று கல்யாணத்தன்றே முறுக்கிக்கொண்டார் என்பாள் அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் எண்ணெய் மில்லைப் பற்றி எங்கேயோ எகத்தாளமாகப் பேசினாராம் என்பார் சித்தப்பா. வீட்டில் கடைசி வார்த்தை அப்பாருவுடையது. அப்பாவைப் பெற்றவர். அவர் காரணமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். “கச்சேரிக்காரன் சவகாசம் நமக்கெதுக்கு?” என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விடுவார். இதிலிருந்து நானாக ஊகித்தது, மாமன் ஒரு காலத்தில் ஏதோ ஆர்கெஸ்ட்ராவில் இருந்தவர் என்பது. நான் பார்த்தேயிராத அந்த மாமனுக்குத் தோள்வரை முடியும் பெல்பாட்டம் பேண்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் நானே மாட்டிவிட்டிருந்தேன். அம்மாவைக் கேட்டால் கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவுவாள்.

கடைசியில் அப்பாதான் ஆரம்பித்தார். எங்கள் அப்பா ஒரு வாரத்துக்கு வேண்டிய பேச்சை ஒரே வரியில் முடித்துக்கொள்பவர். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், “புள்ளை காது மூளியா நிக்குதுங்க” என்றார் அப்பாருவிடம். அவ்வளவுதான். அப்பாரு என் காதைப் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார். மறுவாரம் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார்கள்.

பேசி முடித்தது இதுதான். எங்கள் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது. மாமன் சீரோடு வருவது. அப்பாரு அந்தச் சீரைத் தொட்டு வாங்கிவிட்டால் பகை தீர்ந்தது. வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் ஒட்டுறவு கிடையாது. காது குத்தாமல் போனால் எனக்குப் போவது ஒரு ஜோடித் தோடு. அம்மாவுக்குப் போவது பிறந்த வீடு. காது குத்துகிற நாள் காலையில் எனக்குத் தலை சீவிவிட்டபோது அம்மாவின் விரல்கள் சில்லென்று இருந்தன. இன்னும் சற்று நேரத்தில் மொட்டையடிக்கப்போகிற தலையை எதற்கு இவ்வளவு கவனமாகச் சீவுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

கோயில் ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் இருந்தது. சுற்றிலும் சோளத்தட்டு அறுத்த காடு, வெள்ளவேல மரங்கள், எதிரில் ஒரு கரட்டுப் பாறை. பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, வேல மரங்களின் உச்சியில் நான்கு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர்களை ஏற்றியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து அம்மன் பாட்டு நான்கு ஊருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மொட்டையடித்துச் சந்தனம் அப்பினார்கள். நாலாம் வகுப்பு வரை வளர்த்த முடி ஒரு வாழையிலையில் கிடந்தது. நான் அழவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தை நினைத்துத் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அன்றைய அதிர்ச்சி அதோடு முடிந்தது என்று அப்போது நினைத்தேன்.

மேளச்சத்தம் கேட்டது. மாமன் சீர் வந்தது. முன்னால் பெண்கள் தட்டுத்தட்டாக எடுத்து வந்தார்கள். தேங்காய், பழம், பூ, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, ஜிமிக்கி. அத்தை ஒவ்வொரு தட்டாகக் கண்ணாலேயே எடைபோட்டு, பக்கத்திலிருந்தவளிடம், “பரவால்ல, செஞ்சிருக்காங்க” என்றாள். எனக்குப் பின்னால் அம்மா மூச்சு விடுவது கேட்டது.

மாமன் கடைசியில் வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குள்ளமான மனிதர். வெள்ளை வேட்டி. சட்டைப் பையில் கரண்டு பார்க்கும் டெஸ்டர். தலையில் முடியே இல்லை, என்னைப் போலவே. நான் மாட்டிவிட்ட பெல்பாட்டத்துக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு கைகளிலும் குழந்தையை ஏந்துவதுபோல ஒரு நீளமான தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தார். அதன்மேல் பச்சைப் பட்டுத்துணி மூடியிருந்தது. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் கம்பு நீட்டியதுபோலவும் இருந்தது. வாழைத்தார் என்றார் சித்தப்பா. வீணையாக இருக்கும், பிள்ளைக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்க என்றாள் அத்தை.

அப்பாரு முன்னால் வைத்துத் துணியை எடுத்தார் மாமன்.

அது ஒரு எலக்ட்ரிக் கிடார். அந்தப் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. டிவியில் பார்த்திருந்த கிடாருக்கெல்லாம் நடுவில் ஒரு பெரிய ஓட்டையும் வயிறும் இருக்கும். இதற்கு வயிறே இல்லை. கட்டையாக, தட்டையாக, மாட்டுக்கொம்புபோல மேல்பக்கம் இரண்டு கூர். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப்போகக் காய்ச்சிய வெல்லப்பாகின் நிறம். அதன்மேல் வெள்ளித் தகடுகள், மூன்று குமிழ்கள். தலைப்பக்கம் வரிசையாக ஆறு சின்னக் காதுகள், திருகுவதற்கு. எங்கேயும் ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளித் துரு இல்லை. பந்தலின் சீரியல் லைட் அதற்குள் தெரிந்தது. ஏதோ காலத்து வெளிநாட்டுச் சாமான் என்று பார்த்தவுடன் தெரிந்தது, ஆனால் நேற்றுத்தான் கடையிலிருந்து இறங்கியதுபோல இருந்தது. அதன் நெஞ்சில் மாமன் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்திருந்தார்.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமில்லை. பேயறைந்தவள்போல இரண்டடி பின்னால் போனாள். பிறகு அங்கேயிருந்து நேராகப் பொங்கல் அடுப்புக்குப் போய்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். காது குத்துவதைப் பார்க்கத் தைரியமில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

“மறுபடியுமா?” என்றார் அப்பாரு.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிறகு கேட்டதில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. முதல் பந்தியும் இல்லை, எண்ணெய் மில்லும் இல்லை. கல்யாணமான புதிதில் மாமன் இதே கிடாரை வாடகைக் காரில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். தங்கச்சி வீட்டில் இருக்கட்டும் என்றிருக்கிறார். ஆர்கெஸ்ட்ரா சாமானெல்லாம் குடும்பம் நடத்துகிற வீட்டுக்குள் வேண்டாம் என்று அப்பாரு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இது நுழையாத வீட்டில் நானும் நுழையமாட்டேன் என்று மாமன் போனவர்தான்.

“மறுபடியுந்தானுங்க மாமா” என்றார் மாமன், பணிவு குறையாமல். “அன்னைக்கு நான் கொண்டுவந்தது சும்மா. இன்னைக்கு இது தாய்மாமன் சீருங்க. சந்தனம் வச்சு, சாமி முன்னால வச்சுப்போட்டேன். தொட்டு வாங்குங்க.”

இங்கேதான் அப்பாரு மாட்டிக்கொண்டார். வாசலுக்கு வந்த பொருளைத் திருப்பி அனுப்பலாம். குலதெய்வத்தின் முன்னால் சந்தனமிட்டு வைத்த மாமன் சீரைத் திருப்பினால் பேத்திக்கு ஆகாது. தட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விடவும் முடியாது. சீர் என்றால் மொத்தமும் சீர். அந்தச் சட்டத்தை ஊரில் எல்லோருக்கும் சொல்லித் தீர்ப்பு வழங்குகிறவரே அப்பாருதான். அவர் மீசை இரண்டு தடவை அசைந்தது. வீடியோக்காரர் லைட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அப்பாரு குனிந்து, தாம்பாளத்தின் விளிம்பை, விளிம்பை மட்டும், ஒரு விரலால் தொட்டார்.

“நேரமாச்சு. காதைக் குத்துங்க” என்றார்.

என்னை மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். அவர்மேல் கர்ப்பூரமும் மிஷின் எண்ணெயும் கலந்து மணத்தது. அவருக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்திருந்த கிடாரிலும் அதே மணம். ஆசாரி என் வலது காதைப் பிடித்தார், ஏதோ சிட்டுக்குருவி கதை சொல்ல ஆரம்பித்தார், கதை முடிவதற்குள் தங்கக் கம்பியை இறக்கிவிட்டார். நான் போட்ட கூச்சலுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. இன்னொரு காதைக் கொடுக்கமாட்டேன் என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

அத்தை என்னைச் சமாதானம் செய்ய கிடாரின் கம்பியை விரலால் சுண்டினாள். “இங்க பாரு கண்ணு, பாட்டுப் பாடுது பாரு.” கொசு பறப்பதுபோல ஒரு சத்தம் வந்து நின்றது. அத்தைக்கே ஏமாற்றமாகிவிட்டது. “இதென்னுங்க இது, இத்தாப் பெருசா இருக்குது, சத்தமே காணோம்?”

“அதுக்குக் கரண்டு வேணுமுங்க” என்றார் மாமன். “நம்ம மோட்டாராட்டந்தான். உள்ள காந்தம், மேல காயில்.”

அப்பாரு திரும்பினார். கரண்டு, மோட்டார் என்ற இரண்டு சொற்களும் அவரைத் தூக்கத்திலிருந்தும் எழுப்பிவிடும். காளையென்றால் நடக்கவிட்டுப் பார்ப்பார், மோட்டாரென்றால் ஓட்டிப் பார்ப்பார், பார்க்காமல் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. வேண்டாத பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களே என்ற கோபம் வேறு. “ஓடுமா அது? ஓட்டிக் காட்டுங்க பார்க்கலாம். ஓடாத சாமானைக் கொண்டாந்து சீர்னு வைப்பீங்களா?”

“ஓட்டிட்டாப் போச்சுங்க” என்றார் மாமன். மைக்செட்காரரைக் கூப்பிட்டார். அவர் அம்மன் பாட்டை நிறுத்திவிட்டு, மைக் செருகுகிற ஒயரை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ஒயர் வருவதற்குள், நான் மடியில் இருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது, மாமனின் இடது கை கிடாரின் தலைப்பக்கம் போய் அந்தக் காதுகளில் ஒன்றை மெல்லத் திருகியது. பட்டறைக்காரர் கை அல்லவா, எதையாவது முடுக்காமல் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை இறக்கிவிட்டு, கிடாரை மடியில் வைத்து, மாமன் ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒரு இழு இழுத்தார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. நான்கு குழாய் ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் அலறின. மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் கிளம்பின. நேர்ந்துவிட்டிருந்த கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு சோளக்காட்டில் பாய்ந்தது. ஆசாரி கையிலிருந்த இரண்டாவது தங்கக் கம்பி மண்ணில் விழுந்தது. குத்திய காதில் வலி இருந்ததே மறந்துபோயிற்று. அப்பாருவின் வாய் திறந்தபடியே நின்றது. இத்தனை வருஷமாக வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்த கச்சேரி இதுதானா என்று இருந்தது. ஏனென்றால், ஒன்பது வயதுக்குக்கூடத் தெரிந்தது, மாமனுக்கு அதை வாசிக்கவே தெரியவில்லை. தேங்காய் துருவுகிறவர்போல மேலும் கீழும் இழுத்தார். அதில் ஒரு கம்பி மட்டும் மற்றவற்றோடு சேராமல், அடிபட்ட நாய்போலத் தனியாக ஊளையிட்டது.

அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “நிறுத்துங்க சாமி, நிறுத்துங்க” என்றாள். மாமன் நிறுத்தவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடி அந்த ஊளை. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமன் மூன்றாவது தடவை கையை ஓங்கினார்.

“அண்ணா, போதும். இங்க குடு.”

அம்மா வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆண்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தின் நடுவில், அப்பாருவின் எதிரில், அம்மா நின்றாள். எங்கள் வீட்டில் அப்பாரு இருக்கும் கூடத்தைக் கடக்கும்போதே சுவரோரமாகக் கடப்பவள். கிடாரை மாமன் மடியிலிருந்து எடுத்தாள். உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பார்க்காமலே அவளுடைய வலது கை ஒரு குமிழுக்குப் போய் அதைக் குறைத்தது. அலறல் அடங்கியது. அந்தக் கை அங்கே தானாகப் போனதை நான் பார்த்தேன். உப்பு ஜாடிக்கு அவள் கை போவதுபோலப் போயிற்று.

கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினாள். முதல் கம்பி, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தலையை லேசாக ஆட்டினாள். ஒரு கம்பியில் முகத்தைச் சுளித்தாள். அதையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துச் சுண்டிவிட்டு, தலைப்பக்கத்தின் காதைத் திருக ஆரம்பித்தாள். நான்கு ஸ்பீக்கர்களிலும் இரண்டு ஒலிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடுங்கின. அந்த நடுக்கம் காற்றில் கைக்கு எட்டுவதுபோல இருந்தது. அவள் திருகத் திருக நடுக்கம் மெதுவானது. இன்னும் மெதுவானது. பிறகு நின்றது. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அதன்பிறகு அம்மா இடதுகை விரல்களைக் கம்பிகளின்மேல் பரப்பி, வலது கையால் ஆறு கம்பிகளையும் ஒரே ஒரு தடவை வருடினாள்.

நான் அதற்குமுன் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. மணிச்சத்தம்போல ஆரம்பித்தது, ஆனால் மணியைப்போலத் தேயவில்லை, விரிந்தது. பந்தலைத் தாண்டி, சோளக்காட்டைத் தாண்டிப் போய், எதிர்க் கரட்டில் பட்டு, சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தது. திரும்பி வந்ததையும் எல்லோரும் கேட்டோம். எனக்கு அழுகை வந்தது. காது வலியால் இல்லை. அம்மா என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள் யாரோ ஒருத்தியாக இருந்தாள் என்ற பயம்.

அவளுக்கும் அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அத்தைதான் கேட்டாள். “இதெல்லாம் எப்பப் படிச்சே அம்மணி?”

“காலேஜ்லீங்க.”

“உங்கண்ணன் சொல்லிக்கொடுத்ததா?”

“அண்ணனுக்குத் தெரியாதுங்க. இது என்னுதுங்க. வால்பாறையில ஒரு எஸ்டேட் துரை ஊருக்குப் போறப்ப வித்தாங்க. நான் கேட்டேன்னு அண்ணன் வாங்கியாந்தாரு.” அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “மேடையில வாசிச்சிருக்கேனுங்க. ஆர்கெஸ்ட்ராவுல.”

பெண் பார்க்க வந்தபோது, பிள்ளை தேவாரம் பாடும் என்றுதான் பெண் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மூக்கில் விரல் வைக்காதவர்கள் யாருமில்லை. கச்சேரிக்காரனின் சவகாசம் வேண்டாம் என்று அத்தனை வருஷம் மாமனைத் தள்ளிவைத்துவிட்டு, கச்சேரிக்காரி பொங்கிப்போட்ட சோற்றை அல்லவா தினமும் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரும் அப்பாருவைப் பார்த்தார்கள். அப்பாரு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா எழுந்தார். அம்மாவின் பக்கம் நடந்தார். அவளைத் தாண்டிப் போனார். அவர் நேராகப் பொங்கல் அடுப்புக்குப் போனார். யாரும் இல்லாமல் பானை பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, அம்மா விட்டுவிட்டு வந்த கரண்டியை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தார். எங்கள் அப்பா அதுவரை வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்ததில்லை. இத்தனை சொந்தபந்தத்தின் முன்னால், கரண்டியும் கையுமாக, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

“அடிப்புடிச்சுப் போயிருமல்ல” என்றார், பொதுவாக. பிறகு யாரையும் பார்க்காமல், “நீ வாசி” என்றார்.

கிடார் வந்ததைவிட, அம்மா வாசித்ததைவிட, சனம் வாயடைத்துப்போனது இதற்குத்தான்.

அப்பாரு மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்தார். “சாமான் ஓடுது” என்றார். மாமன் பக்கம் திரும்பி, “மாப்பிளை, அது பூராக் கம்பெனிச் சாமானு. வெயில்ல வைக்காதீங்க. உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்க.” இந்தத் தடவை குனிந்து தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கிடார் அதில் இல்லை, அம்மா மடியில் இருந்தது. வெறும் தாம்பாளத்தைத்தான் வாங்கினார். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அம்மா அன்று வாசித்தாளா என்று கேட்டால், நான்கைந்து சுரங்கள், ஒரு தாலாட்டு அளவுக்குத்தான். பழக்கம் விட்டதில் விரல் நுனியெல்லாம் மெத்தென்று ஆகிவிட்டது, வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாள். அதற்குள் ஆசாரி மண்ணில் விழுந்த கம்பியைத் தேடியெடுத்துக் கழுவி என் இடது காதில் இறக்கிவிட்டார். நான் கவனிக்கவேயில்லை. இன்றைக்கும் எனக்கு அந்தக் காது குத்தியபோது வலித்ததா என்று தெரியாது. மதியம் அடிப்பிடித்த பொங்கலை எல்லோரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டோம். மாமன் முதல் பந்தியில் அப்பாருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிடாரோடு சேர்ந்த ஸ்பீக்கர் பெட்டி அடுத்த வாரமே கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸின் கூரையில் ஏறி வந்தது. அதன்பிறகு மில் ஓடாத சாயங்காலங்களில் எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வரும். பழக்கமில்லாதவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார்கள்.

மாமன்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபமிருந்தது. இத்தனை பெரிய சீர் கொண்டுவருகிற மனிதர் கம்பியைச் சரிபார்த்துக் கொண்டுவரக் கூடாதா, எல்லோர் முன்னாலும் ஊளையிடவிட்டு அம்மாவை மாட்டிவிட்டாரே என்று. நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா கிடாரைத் துடைத்துக்கொண்டே, தானாகச் சொன்னாள். வருஷக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த கிடாரில் கம்பிகள் அன்று புதிதாக இருந்தனவாம். வாசிக்கத் தெரியாத அண்ணன் யாரையோ தேடிப்பிடித்துச் சுருதி கூட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஐந்து கம்பியும் சுத்தம். “அந்த ஒண்ணு மட்டும் எப்படித்தான் இறங்குச்சோ. சுருதி கொஞ்சம் விலகுனாலும் எனக்குச் சின்ன வயசுலயே பொறுக்காது, எந்திரிச்சுப் போய்ச் சரிபண்ணாம உக்காரமாட்டேன். அது உங்க மாமனுக்கும் தெரியும்” என்றாள்.

நான் அவர் மடியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு காதில் ரத்தம், கண்ணில் தண்ணீர். அவர் விரல் அந்தத் திருகைப் பிடித்து மெல்ல, மிக மெல்லத் திருப்பியதை என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்கூட. முடுக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.